புறவாசலுக்கு விருந்தாளி வந்தாச்சா?



காலாண்டுத் தேர்வு ஒரு வழியாக முடிந்துவிட்டது. விடுமுறையில் என்ன செய்யலாம்... டிவியா, கிரிக்கெட்டா, அம்மாவின் செல்போனா என்று யோசித்துக்கொண்டு இருப்பீர்கள். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி.

இந்த வாரம் உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் புதிதாக யாராவது வந்தார்களா?

"யாரும் வரவில்லையே! பக்கத்து வீட்டுப் பூனை மட்டும்தான் வந்தது" என்கிறீர்களா? நன்றாகப் பார்த்தீர்களா? துவைக்கிற கல் பக்கம்? முருங்கை மரத்தில்? எதிரே போகிற மின்கம்பியில்? இமயமலையில் இருந்தும், அதையும் தாண்டி சைபீரியாவில் இருந்தும் புறப்பட்ட விருந்தாளிகள், இப்போது நம் ஊருக்கு வந்து இறங்கிக்கொண்டு இருக்கிறார்கள். அழைப்பிதழ் கிடையாது. பெட்டி, படுக்கை கிடையாது. சத்தம் போடாமல் வந்து, வாலை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள்!

முதலில் என் கதையைச் சொல்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது தென்காசிப் பக்கம் ஆச்சி வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கம் கொல்லைப்புறத்தைப் 'புறவாசல்' என்போம். புறவாசலில் ஒரு கிணறு. பக்கத்திலேயே துவைக்கிற கல். துவைத்த தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடி வாழை மரங்களுக்குப் போய்ச் சேரும். அந்த இடம் எப்போதும் ஈரமாக, சொதசொதவென்று இருக்கும். அங்கே போய் விளையாடினால் ஆச்சியிடம் திட்டு விழும்.

சாரல் காலம் முடிந்து, ஆடிக்காற்றும் ஓய்ந்து, புரட்டாசி பிறந்திருந்தது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். வாழைக்கு அடியில் ஒரு சின்னக் குருவி. முதுகு சாம்பல் நிறம், வயிறு மஞ்சள். உடம்பைவிட வால்தான் நீளம்! அந்த வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே ஈரத்தில் நடக்கிறது. இரண்டு எட்டு ஓடுகிறது. டக்கென்று ஒரு பூச்சியைப் பிடிக்கிறது. மறுபடியும் வாலாட்டம்!

"ஏல, அந்தா பாரு, வாலாட்டி வந்துட்டு. இனி மழையும் பின்னாலயே வந்துரும்" என்றார் ஆச்சி.

உள்ளே ஓடிப் போனேன். அன்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் 'வாலாட்டி வந்தது' என்று எழுதி, கணக்குப் புத்தகத்தில் வைத்தேன். அது புரட்டாசி 6. அடுத்த ஆண்டும் அதே வாழைக்கு அடியில் வந்தது. அன்று புரட்டாசி 9. அதற்கு அடுத்த ஆண்டு புரட்டாசி 4! மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடிகாரமோ காலண்டரோ இல்லாத ஒரு குருவி, ஐந்தாறு நாள் வித்தியாசத்தில் வருடா வருடம் எப்படி வருகிறது?

ஏன் வருகிறார்கள்?

ஆங்கிலப் பாடத்தில் 'ஆட்டம்' என்று ஒரு பருவத்தைப் படித்திருப்பீர்கள். ஆடுகிற ஆட்டம் இல்லை, இலையுதிர் காலம்! கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நடுவே வருகிற பருவம் அது. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். வடக்கே இலை உதிரும் நேரத்தில், நமக்கு மேகம் கூடி மழையும் குளிர்காற்றும் வருகின்றன.

அங்கே இலை உதிர்ந்தால் நமக்கு என்ன என்கிறீர்களா? இருக்கிறது!

இமயமலையிலும் சைபீரியாவிலும் கோடையில் பகல் மிக நீளம். பூச்சிகள் கொட்டிக்கிடக்கும். குஞ்சு பொரித்து வளர்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் குளிர் நெருங்கும்போது பூச்சிகள் காணாமல் போகும். முட்டையாகவும் கூட்டுப்புழுவாகவும் ஒளிந்துகொள்ளும். நிலம் உறைந்துவிடும். இறகுப் போர்வை உள்ள பறவைகளால் குளிரை ஓரளவு தாங்க முடியும். பசியைத் தாங்க முடியாது. சாப்பாடு தேடித்தான் தெற்கே பறந்து வருகின்றன. இங்கேயோ மழை தொடங்கும் நேரம். மண் நனைகிறது. புழு, பூச்சி, ஈசல் எல்லாம் கிளம்புகின்றன. விருந்து தயார்!

புறப்படும் நேரத்தை எப்படித் தெரிந்துகொள்கின்றன? பகல் பொழுது குறையக் குறைய அவற்றின் உடலுக்குள் மாற்றம் நடக்கிறது. வயிறு முட்டத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அதுதான் வழிக்குக் கட்டுச்சோறு! சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றை அடையாளமாக வைத்து வழி கண்டுபிடிக்கின்றன. சின்னப் பறவைகள் பலவும் இரவில்தான் பயணம் செய்கின்றன. நாம் தூங்கும்போது நம் மொட்டை மாடிக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டு இருக்கும்.

பறவைகளின் காலில் சிறு வளையம் மாட்டிப் பறக்கவிட்டு ஆராய்வார்கள். நம் கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக இப்படிச் செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் தெரிந்த ஓர் அதிசயம் என்ன தெரியுமா? வலசை வரும் பறவைகளில் பல, சென்ற ஆண்டு தங்கிய அதே தோட்டத்துக்கே திரும்பி வருகின்றன! இவ்வளவு பெரிய நாட்டில், அந்த ஒரு கொல்லைப்புறம் அதற்கு நினைவிருக்கிறது.

பறவைகள் தெற்கும் வடக்கும் போய் வருவது நம் முன்னோருக்கும் தெரியும். வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர், நாரையைத் தன் மனைவிக்குத் தூது அனுப்புவதாகப் பாடிய பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தெற்கே குமரிவரை வந்த நாரை வடக்கே திரும்பும் என்று தெரிந்ததால்தானே அதனிடம் சேதி சொன்னார்!

யார் யாரைத் தேட வேண்டும்?

காலை 6 மணிக்கோ மாலை 5 மணிக்கோ ஒரு கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். இவர்களில் யாராவது ஒருவர் வரக்கூடும்.

வாலாட்டி: ஈரத் தரை, வாய்க்கால் ஓரம் இவற்றில் தேடுங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தால் அது நம் ஊரிலேயே இருக்கும் வெண்புருவ வாலாட்டி. மஞ்சள் வயிறு என்றால் வெளியூர் விருந்தாளி.

தகைவிலான்: மின்கம்பியில் வரிசையாக உட்காரும். வால் இரண்டாகப் பிளந்திருக்கும். பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும்.

பஞ்சுருட்டான்: பச்சைப் பஞ்சுருட்டானை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். அதைவிடப் பெரிதாக, வால் நீலமாக இருந்தால் அது குளிர்காலத்துக்கு வந்தது.

பழுப்புக் கீச்சான்: வேலியில் தனியாக உட்கார்ந்து கடகடவென்று கத்தும். கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய திருடன் போல இருக்கும். ஓர் இடத்தைப் பிடித்துவிட்டால் குளிர்காலம் முடியும்வரை அது தன் ராஜ்யம் என்று சண்டை போடும்.

அரசவால் ஈப்பிடிப்பான்: மரநிழலில் வரும். வளர்ந்த ஆண் பறவைக்கு ரிப்பன் போல நீண்ட வால். ஒருமுறை பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள்.

ஆறுமணிக்குருவி: முதுகு பச்சை, சிறகில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு என்று வண்ணப் பெட்டியைக் கொட்டியது போல இருக்கும். வாலோ குட்டை. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். காய்ந்த சருகுகளைக் கிளறிப் பூச்சி தேடும்.

பறவைகள் மட்டும்தானா? தட்டானைப் பாருங்கள். மழைக்கு முன்னால் மைதானத்தின் மேலே கூட்டமாகப் பறக்குமே, அவற்றில் ஒரு வகை கடலையே தாண்டுகிறது! இந்தியாவில் இருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவரை போய், மறுபடி திரும்பும் இந்தப் பயணத்தை ஒரே தட்டான் முடிப்பதில்லை. நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கின்றன. மொத்தம் 14,000 முதல் 18,000 கி.மீ. இருக்கும் என்று மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எழுதினார். நூல் கட்டி இழுத்து விளையாடுகிறோமே, அது ஒருவேளை ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய தட்டானாக இருந்தால்?

வண்ணத்துப்பூச்சிகளும் இந்தச் சமயத்தில் இடம் மாறுகின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சமவெளியில் இருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி, கறுப்பும் நீலமுமாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். முதல் மழை பெய்த மறுநாள் மண்ணில் சிவப்பு வெல்வெட் துணி போல ஊர்ந்து போகும் தம்பலப் பூச்சியைத் தேடுங்கள். ராத்திரி தவளைக் கச்சேரியைக் கேளுங்கள்.

கேட்காமல் போன குரலையும் கவனியுங்கள்! சித்திரை முழுவதும் காது கிழியக் கூவிய குயில் இப்போது எங்கே? ஊரைவிட்டுப் போகவில்லை. காகத்தின் கூட்டில் முட்டை இடும் காலம் முடிந்ததால் வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். அடர்ந்த இலைகளுக்குள் உற்றுப் பாருங்கள். சிவப்புக் கண் ஒன்று உங்களைப் பார்க்கும்.

காட்டுக்குப் போக வேண்டாம்

"எங்கள் வீடு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கொல்லைக்கு எங்கே போவது?" என்று கேட்கிறீர்களா? ஜன்னல் போதும். மொட்டை மாடி போதும். பள்ளிக்கூடத்து வேப்பமரம் போதும்.

மா.கிருஷ்ணன் என்று ஒரு பெரியவர் இருந்தார். 1912இல் பிறந்தவர். தமிழ் நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். யானைகளைத் தேடிக் காடு காடாக அலைந்தவர்தான். ஆனால் சென்னையில் தன் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் காகம், அணில் பற்றியும் அதே ஆர்வத்தோடு எழுதினார், படம் வரைந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல், 1996இல் இறக்கும்வரை, இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 46 ஆண்டுகள்! பார்க்கத் தெரிந்தவருக்கு ஓர் அணிலிடமும் எழுதத் தீராத சேதி இருக்கிறது, பார்த்தீர்களா?

நீங்களும் ஒரு பழைய நோட்டை எடுங்கள். நான்கே நான்கு விஷயம் எழுதுங்கள். என்ன தேதி? என்ன நேரம்? எங்கே பார்த்தீர்கள்? அது என்ன செய்தது? பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. படம் வரைந்து நிறம் எழுதுங்கள். பெயரை அப்புறம் கண்டுபிடிக்கலாம். போன தேதியைத் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது.

கல் எடுக்காதீர்கள். உண்டிவில் வேண்டாம். கூட்டின் அருகே போகாதீர்கள். போட்டோவுக்காகத் துரத்தாதீர்கள். ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து களைத்து வந்தவரை, வாசலிலேயே விரட்டலாமா?

ஆறுமணிக்குருவி பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இரவில் பறந்து வரும் இந்தப் பறவை, நகரத்து விளக்கு வெளிச்சத்தில் குழம்பி, புரட்டாசி, ஐப்பசியில் வீடுகளுக்குள்ளே விழுந்துவிடுவது உண்டு. குளியலறையிலும் மாடிப்படியிலும் கண்டெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் அடைத்தால் அது செத்துப்போகும். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்து வளர்ப்பது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். பெரியவர் ஒருவரை அழைத்து, காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் மெதுவாக விடச் சொல்லுங்கள். மூடி, சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். களைப்புத் தீர்ந்ததும், பூனை வராத மரத்தடியில் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஒரு கிராமம் கொடுத்த பரிசு

இன்னும் சில வாரத்தில் தீபாவளி. உங்கள் பட்டாசுப் பட்டியல் தயாராகி இருக்கும். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். நத்தைகுத்தி நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் அந்த ஊர்க் கண்மாய் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். வெடிச் சத்தத்தில் பயந்துவிடும் என்பதால், அந்த ஊர் மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. கல்யாணம், கோயில் விழாவுக்கும் அப்படித்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வனத்துறையினர் இனிப்பு கொடுத்துப் பாராட்டுவது உண்டு.

குட்டீஸ், ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அவர்களும் உங்களைப் போன்ற பிள்ளைகள்தானே? பக்கத்து ஊரில் வாணவேடிக்கை நடக்கும்போது அவர்களுக்கும் ஆசை இருக்காதா? இருந்தும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, புறவாசலைச் சுத்தம் செய்வதென்று வீட்டில் முடிவெடுத்தார்கள். வாழைகளை வெட்டினார்கள். வாய்க்காலை மூடினார்கள். கிணற்றடி முதல் மதில்சுவர்வரை வழவழவென்று சிமெண்ட் போட்டார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொல்வேனா? சகதி போய், எனக்குச் சொந்தமாக ஒரு கிரிக்கெட் மைதானம் கிடைத்ததே! மதிலில் கரியால் ஸ்டம்ப் வரைந்து, தெருப் பையன்களை எல்லாம் கூட்டி வந்துவிட்டேன்.

புரட்டாசி வந்தது. ஏழாம் தேதி காலை, அதுவும் வந்தது.

சிமெண்ட் தரையில் இறங்கியது. வாலை ஆட்டிக்கொண்டு இந்த மூலையில் இருந்து அந்த மூலைவரை நடந்தது. ஓர் இடத்தில் கொத்திப் பார்த்தது. ஒன்றும் இல்லை. வாழை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மதில்மேல் ஏறி உட்கார்ந்தது. நான் பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தண்ணி ஓடுன இடத்துல கல்லைப் போட்டாச்சு. அது எதைத் தின்னும்?" என்றார் ஆச்சி. கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் அது இல்லை. அடுத்த ஆண்டு புரட்டாசியில் காலண்டர் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எழுத ஒன்றும் இல்லாமல் தாள் வெறுமையாகவே இருந்தது.

சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டைக் கூட்டுங்கள், குப்பையை அகற்றுங்கள், தேங்கிய தண்ணீரில் கொசு வளரவிடாதீர்கள். ஆனால் கொல்லையில் ஒரு மூலை, ஒரே ஒரு மூலை, மண்ணாக இருக்கட்டும். அங்கே விழுந்த சருகைக் கொளுத்தாதீர்கள். அந்தச் சருகுக்குள்தான் ஆறுமணிக்குருவியின் சாப்பாடு இருக்கிறது. அங்கே பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இரவில் தேவையில்லாத மாடி விளக்கை அணையுங்கள். தீபாவளிக்குச் சரவெடியைக் குறைத்து மத்தாப்பைக் கொளுத்துங்கள். பக்கத்தில் பறவை அடையும் மரம் இருந்தால், கொள்ளுக்குடிப்பட்டிப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 'பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். கால் மணி நேரம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சிறுவர்களும் கலந்துகொள்ளலாம். இப்போது நோட்டு போட்டுப் பழகினால், தை பிறக்கும்போது நீங்களும் தயார்!

இப்போது நான் குடியிருக்கும் நகரத்து வீட்டில், பின்பக்கக் குழாயடியில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தைச் சிமெண்ட் போடாமல் விட்டிருக்கிறேன். இரண்டு வாழை வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவும் தண்ணீர் அதற்குத்தான் போகிறது. குண்டுக்கரிச்சான் தினமும் வருகிறது. தவிட்டுக்குருவிக் கூட்டம் வருகிறது. ஒருநாள் விடியற்காலையில் கீரி ஒன்றுகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வாலாட்டி மட்டும் இன்னும் வரவில்லை.

புரட்டாசிதானே! நேற்று கிழித்த காலண்டர் தாளை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வந்தால் தேதியை மறக்காமல் எழுதி வையுங்கள், சரியா?

அன்புடன்,
ஆசிரியர்